ஒரு விரல் என்றால் எத்தனை மில்லிமீற்றர்?

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி கமலினி கேட்டாள். பதினெட்டு வருடங்கள் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவள். போன மாதம் நான் ஓய்வு பெற்றதும் எங்கள் வைத்தியசாலையின் காப்புறுதிப் பகுதி அவள் கைக்கு வந்தது.

"அக்கா, கோட் எண் புத்தகத்தைப் பற்றி எழுதிப்போடாதேங்கோ. அதை நாங்களே படிப்பிப்பம். நீங்கள் பிழை விட்ட கதையளை எழுதுங்கோ. அதுதான் பிள்ளையளுக்குப் பிடிக்கும்."

"உனக்குத்தான் பிடிக்கும்" என்றேன்.

ஒவ்வொரு வேலை நாளும் வீட்டுக்குப் புறப்படுமுன் கொப்பியில் அரைப் பக்கம் எழுதுவது என் வழக்கம். எந்தப் பைலில் எது தெளிவில்லாமல் இருந்தது, நான் என்ன முடிவெடுத்தேன், ஏன் எடுத்தேன் என்ற மூன்றும் அதில் இருக்கும். முப்பத்தொரு கொப்பிகள் சேர்ந்திருக்கின்றன. பிழை விட்ட நாட்களின் பக்க மூலையை மடித்து வைத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தேழு மடிப்புகள். அத்தனையையும் சொன்னால் நீங்கள் வேறு வேலை தேடிப் போய்விடுவீர்கள். ஒன்றை மட்டும் முழுதாகச் சொல்கிறேன்.

எங்கள் வேலை என்னவென்று வெளியாட்களுக்கு விளங்கவைப்பது கடினம். என் சொந்தத் தங்கையே, நான் ஆஸ்பத்திரியில் பில் அடிக்கிறேன் என்றுதான் இன்றுவரை ஊருக்குச் சொல்கிறாள். சத்திரசிகிச்சை நிபுணர் நோயாளியிடம் என்ன கண்டார், என்ன செய்யப்போகிறார் என்று எழுதுவார். அந்த வசனத்தை, எந்த ஊரில் வாசித்தாலும் ஒரே பொருள் தரும் கோட் எண்களாக நாங்கள் மாற்றிப் படிவத்தில் இடுவோம். அதைப் பார்த்துக் கொழும்பிலுள்ள காப்புறுதி நிறுவனம் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லும். ஆம் என்ற கடிதம் வரும்வரை நோயாளிக்குச் சத்திரசிகிச்சைத் தியேட்டர் இல்லை.

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்குக் கீழே அசைவதுதான் தாடை மூட்டு. முழங்கால் மூட்டு என்று அனுப்பினால் இரண்டு நாளில் பதில் வரும். தாடை மூட்டு என்று அனுப்பினால் மறுமுனையில் இருப்பவர்களுக்குப் பல்லுத்தான் நினைவுக்கு வரும். பல் வைத்தியத்துக்குக் காப்புறுதி கிடையாது. ஆகவே தாடை மூட்டுப் பைல்கள்தான் எங்களுக்கு அதிகம் திரும்பி வருபவை. அவற்றை என் மேசைக்கு ஒதுக்கியிருந்தார்கள்.

மறுமுனையில் எனக்கு ஒருவர் இருந்தார். அந்த நிறுவனத்தில் பெயர் சொல்லமாட்டார்கள். மேசை இலக்கம்தான் சொல்வார்கள். அவர் பத்தொன்பதாம் மேசை. பெண் குரல், கொழும்புத் தமிழ், பின்னால் எப்போதும் ஒரு மின்விசிறி கிறீச்சிடும். பதினொரு வருடங்கள் கதைத்திருக்கிறோம், முகம் தெரியாது. இந்தத் தொழிலை எனக்குப் படிப்பித்தவர் அவர் என்று சொன்னால் அவரே ஒத்துக்கொள்ளமாட்டார். அவர் செய்ததெல்லாம் என் பைல்களைத் திருப்பி அனுப்பியதுதான்.

ஆரம்பத்தில் ஒருநாள் அவரோடு சண்டை பிடித்தேன். "அந்த மனிசன் இப்ப எனக்கு முன்னாலை இருந்து துடிக்கிறார்" என்றேன்.

"உங்களுக்கு முன்னுக்கு மனுசன் இருக்கார், மிஸ். எனக்கு முன்னுக்குப் பேப்பர்தான் இருக்கு. நீங்க அந்த மனுசனப் பேப்பர்ல ஏத்தி அனுப்புங்க. நான் பார்க்கிறேன்" என்றார்.

அதற்குமேல் எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பும் தேவைப்படவில்லை. ஆனாலும் பிழை விட்டேன்.

அருளப்பு அண்ணை பருத்தித்துறையில் மீன் கூறி விற்பவர். வள்ளங்கள் கரைக்கு வந்ததும் மீனைக் கூறு கூறாகப் போட்டு, விலையைச் சத்தமாகச் சொல்லி ஏற்றி ஏற்றி விற்பது அவருடைய தொழில். இரண்டு வருடங்களுக்கு முன் வள்ளத்தின் விளிம்பில் வழுக்கி விழுந்து நாடி எலும்பு அடிபட்டிருக்கிறது. வீக்கம் வற்றியதும் வேலைக்குப் போய்விட்டார். பிறகு வாய் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தது. எங்களிடம் வந்தபோது மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையில் குளிர்பானம் உறிஞ்சும் ஸ்ரோ ஒன்று மட்டும்தான் போகும். கூழைக்கூட வடித்துத்தான் உறிஞ்சுவார். இடுப்புப் பட்டியில் புதிதாக நான்கு ஓட்டைகள் போட்டிருந்தார்.

மகள் மெற்றில்டா நகரத்தில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறாள். அவளுடைய காப்புறுதியில் பெற்றோரும் அடக்கம். அவள்தான் தகப்பனை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"இருபத்தாறு வருசம், பிள்ளை" என்றார் அவர், பற்களைப் பிரிக்காமலே. "நான் கூறினால் சத்தம் கடற்கரை வெளிச்சவீடு வரைக்கும் கேக்கும். இப்ப என்ரை மனிசிக்கே கேக்குதில்லை. அவளுக்கு நல்ல சந்தோசம்."

"அப்பா, வந்த விசயத்தைக் கதையுங்கோ" என்றாள் மகள்.

வந்த விசயம் இதுதான். சந்தையில் மீன் கூறி விற்கும் இடத்தை மீனவர் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை பிரித்துக் கொடுக்கும். வாய் திறக்க முடியாதவருக்குக் கூறும் இடம் எதற்கு என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டுவிட்டார். சங்கத் தலைவர் அருளப்பு அண்ணைக்கு இரண்டு மாதம் தவணை கொடுத்திருந்தார். அதற்குள் சத்தம் திரும்பாவிட்டால் இடம் வேறு ஆளுக்கு.

எங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் கரவெட்டிக்காரர். கை அற்புதமான கை. ஆனால் எழுத்தில் மகா சிக்கனம். பைலில் அவர் எழுதியது இவ்வளவுதான்: வலது தாடை மூட்டு இறுக்கம், திறப்பு 1 விரல், சத்திரசிகிச்சை. வாய்த் திறப்பை விரலால் பார்ப்பது வைத்தியசாலை வாட்டில் வழக்கம். சுகமாக இருப்பவர் தன் சொந்த விரல் மூன்றை அடுக்கிப் பற்களுக்கு இடையில் வைக்கலாம். ஒரு விரல் என்றால் மோசம் என்று டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும் உடனே விளங்கும்.

படிவத்துக்கு விளங்காது. அதில் "வாய்த் திறப்பு, மில்லிமீற்றரில்" என்று ஒரு சின்னப் பெட்டி இருந்தது.

எனக்கு வெறும் பெட்டியைக் கண்டால் ஆகாது. சாப்பாட்டு மேசையில் ஒரு கோப்பை குறைந்தாலே எழுந்துபோய் எடுத்துவருகிறவள் நான். டொக்டருக்கு இரண்டுமுறை அழைத்தேன். தியேட்டரில் நின்றார், எடுக்கவில்லை. நான்கு மணிக்குள் அனுப்பினால் அன்றைய கணக்கில் சேரும். அடிமட்டத்தை எடுத்து என் ஆட்காட்டி விரலின் அகலத்தை அளந்தேன். பதினாறு. ஆனால் அருளப்பு அண்ணையின் கையை நான் பார்த்திருக்கிறேன். கயிறு இழுத்துத் தடித்த விரல்கள். நியாயமாக இருக்கட்டும் என்று நாலைக் கூட்டி இருபது என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்தப் பெட்டியைப் பார்த்துத் திருப்திப்பட்டதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. போகுமுன், வழக்கம்போல, செய்ததைக் கொப்பியில் எழுதினேன்.

அடுத்த புதன்கிழமை காலை மறுப்புக் கடிதம் வந்தது. இருபது மில்லிமீற்றர் திறப்பவருக்கு முதலில் பயிற்சியும் பற்களுக்கு இடையில் வைக்கும் தகடும் கொடுத்துப் பார்க்க வேண்டும், சத்திரசிகிச்சை அவசியமென்று காட்டப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். பல் வைத்தியம் என்ற சொல்லும் கடைசி வரியில் தலைகாட்டியது.

சத்திரசிகிச்சையைச் சனிக்கிழமைக்கு வைத்திருந்தார்கள். வாய் திறக்காத ஒருவரை மயக்குவதற்கு மூக்கு வழியாகக் குழாய் விடத் தெரிந்த மயக்க மருந்து நிபுணர் வேண்டும். அவர் கொழும்பிலிருந்து அந்த ஒரு சனிக்கிழமை மட்டும் வருகிறார். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று அவருக்கே தெரியாது.

ஒன்பதரைக்கு மெற்றில்டா கடிதத்தின் பிரதியோடு கவுண்டருக்கு வந்தாள்.

"அக்கா, உதிலை இருபது மில்லிமீற்றர் எண்டு போட்டிருக்கு. அப்பாவின்ரை வாய்க்குள்ளை இருபது எங்கை இருக்கு? ஆர் அளந்தது?"

பைலை எடுத்து மூன்றுமுறை புரட்டினேன். நான் தேடியது அதற்குள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் புரட்டினேன். இளம் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒருநாள் இப்படிப் புரட்ட வரும். மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"ஒருத்தரும் அளக்கேல்லை, பிள்ளை. நானாத்தான் போட்டனான்" என்றேன்.

அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "அப்ப சனிக்கிழமை?" என்று மட்டும் கேட்டாள்.

பத்தொன்பதாம் மேசைக்கு அழைத்தேன். மேன்முறையீட்டுக்கு வெள்ளிக்கிழமை நண்பகல் வரை நேரம் இருக்கிறது, அதன் பிறகென்றால் புது விண்ணப்பம், முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். மின்விசிறி கிறீச்சிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்:

"டொக்டர் புதுசா அளந்தா அனுப்புங்க, மிஸ். ஆனா முதல்ல இருபது. நாங்க முடியாது என்று சொன்ன பிறகு அது குறைஞ்சு வருது. எங்கட டொக்டர் என்ன நினைப்பார் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவை இல்லைதானே."

தேவையில்லைதான். மறுப்பு வந்ததும் சுருங்கும் வாய்களை அவர் நிறையப் பார்த்திருப்பார்.

கமலினி தன் நாற்காலியை என் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தாள். "அக்கா, தட்டச்சுப் பிழை எண்டு போடுவம். பத்துக்குப் பதிலா இருபது அடிபட்டுட்டுது. ஒண்டும் ரெண்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டைதானே."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மெற்றில்டாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். நானும் ஒரு நிமிடம் விசைப்பலகையைப் பார்த்தேன். ஒன்றும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. ஆனால் பத்தையும் ஒருவரும் அளக்கவில்லை.

டொக்டர் வியாழக்கிழமைகளில் பருத்தித்துறையில் ஒரு கிளினிக்கில் நோயாளர் பார்ப்பார். தொலைபேசியில் பிடித்தேன். "நாளைக்குப் பத்து மணிக்கு முன்னம் ஆளைக் கூட்டிக்கொண்டு வாரும். பேந்து எனக்கு நேரமில்லை" என்றார். ஆள் தானாகவே போகலாம்தான். ஆனால் பக்கத்தில் ஒருவர் நின்று கேட்காவிட்டால் எங்கள் டொக்டர் மறுபடியும் நாலு சொல்தான் எழுதுவார். எனவே வியாழன் காலை முதல் பஸ்ஸில் பைல், புதுப் படிவம், கொப்பி, அடிமட்டம் எல்லாவற்றோடும் நான் பருத்தித்துறைக்குப் போனேன். அருளப்பு அண்ணை தொலைபேசி எடுப்பதில்லை. எடுத்தால் மறுமுனையில் இருப்பவர் சத்தம் கேட்கவில்லை என்று வைத்துவிடுகிறார். சந்தையில் போய்ப் பிடிக்கச் சொன்னாள் மகள்.

சந்தையில் அவரைத் தேட வேண்டியிருக்கவில்லை. மணிச் சத்தம் கேட்டது. ஒரு கையில் பள்ளிக்கூட மணி, மறு கையில் சோக்குக்கட்டி, முன்னால் ஒரு கரும்பலகைத் துண்டு. மணியை அடித்து விலையைப் பலகையில் எழுதுவார். யாராவது கூட்டிக் கேட்டால் புறங்கையால் அழித்து அடுத்ததை எழுதுவார்.

"அண்ணை, நீங்கள் எழுதி முடிக்கிறதுக்குள்ளை மீன் கருவாடாப்போடும்!" என்றான் ஒரு வியாபாரி.

"இது சந்தையோ, ரியூசன் வகுப்போ?" என்றான் இன்னொருவன்.

அருளப்பு அண்ணை பலகையில் "பொத்தடா வாயை" என்று எழுதிக் காட்டினார். கூட்டம் வெடித்துச் சிரித்தது. அவரும் சிரித்தார், பற்கள் அசையாமல். ஆனால் பக்கத்துக் கூறில் ஒருவர் வாய் நிறையக் கூவிக்கொண்டிருந்தார். ஆட்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நகர்வதை நான் பார்த்தேன். அருளப்பு அண்ணையும் பார்த்தார்.

நான் வந்த காரணத்தைச் சொன்னதும் சந்தை முழுவதும் எங்களைச் சுற்றிக்கொண்டது.

"அளக்கத்தானே வேணும்? அடிமட்டம் கையிலை கிடக்கு. வாய் இஞ்சை கிடக்கு. அளவுங்கோவன்!" என்றார் ஒரு மீன்காரி அக்கா.

"நாங்கள் பத்துப் பேர் சாட்சிக் கையெழுத்து வைப்பம்" என்றான் அந்த வியாபாரி.

அருளப்பு அண்ணை ஏற்கெனவே உதட்டை விரித்து முகத்தை என் பக்கம் நீட்டிவிட்டார். மணி ஒன்பதே கால். டொக்டர் பத்துக்குப் போய்விடுவார். அடிமட்டம் என் கையில். பற்கள் ஒரு சாண் தூரத்தில். மனம் சொன்னது: இப்போதே ஓர் எண் கைவசம் இருந்தால் நல்லதுதானே, டொக்டர் அவசரப்பட்டால் அதையே சொல்லலாம்.

அடிமட்டத்தைக் கைப்பைக்குள் போட்டு மூடினேன்.

"நான் ஒருக்கா அளந்ததாலைதான் அண்ணை இவ்வளவு பாடு. வாங்கோ, டொக்டர் அளக்கட்டும்."

"உவ என்ன, அளக்கிறதுக்கும் ஆள் வைச்சிருக்கிறாவோ" என்று பின்னால் கேட்டது.

கிளினிக்கில் டொக்டர் பையைத் தூக்கிக்கொண்டு புறப்படும் நிலையில் நின்றார். அருளப்பு அண்ணையை நாற்காலியில் இருத்தி, சட்டைப் பையிலிருந்து தன் உலோக அளவுகோலை எடுத்து மூன்றுமுறை அளந்தார். மூன்றுமுறையும் ஒன்பது.

"நீர்தானே இருபது போட்டனீர்? எங்கையிருந்து எடுத்தனீர்?" என்று கேட்டார்.

"நீங்கள் ஒரு விரல் எண்டு எழுதினீங்கள், டொக்டர்."

"என்ரை சின்னி விரல். அதுகும் நுனி, நகம் மட்டும்தான் போனது." தன் சுண்டுவிரலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். மெலிந்த, நீண்ட விரல். "ஓம். அதை நான் எழுதேல்லை."

பிறகு, படிவம் எடுக்கையில் என் கைப்பையிலிருந்து கூடவே வந்த அடிமட்டத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இதாலை அளந்தனீரோ?"

"இல்லை. கொண்டுவந்தனான். அளக்கேல்லை."

"நல்ல காலம். இதின்ரை பூச்சியம் விளிம்பிலை இல்லை, பாரும். உள்ளுக்கு அஞ்சு மில்லிமீற்றர் தள்ளியெல்லோ தொடங்குது. பல்லிலை வைச்சிருந்தால் நாலு எண்டு எழுதியிருப்பீர். முதல் இருபது, பேந்து நாலு. கொழும்பிலை உம்மைத் தேடிப் பொலிஸ் அனுப்பியிருப்பாங்கள்."

அருளப்பு அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பற்களுக்கு இடையால் காற்றுப் போகும் சத்தம் மட்டும் கேட்டது. நாங்கள் மூவரும் சிரித்தோம். பதினைந்து வருடங்களாக அந்த அடிமட்டத்தைப் பாவித்திருக்கிறேன். அதன் விளிம்பை ஒருநாளும் பார்த்ததில்லை.

மணி பத்து ஐந்து. டொக்டர் பேனையைத் திறந்தார். "சரி, கெதியாச் சொல்லும். என்ன எழுதினால் அவங்கள் விடுவாங்கள்? நீர் சொல்லும், நான் எழுதிக் கையெழுத்து வைக்கிறன்."

இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். எனக்குச் சொல்லத் தெரியும். பைலில் இருந்த ஸ்கான் படத்தை நானும் பார்த்திருந்தேன். மூட்டின் இரண்டு எலும்பும் ஒன்றாகிப்போனதற்கு ஒரு கோட் இருக்கிறது. வெறும் இறுக்கத்துக்கு வேறு கோட். முதலாவதைப் போட்டால் பல் வைத்தியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த ஒரு சொல்லை நான் உச்சரித்தால் அவர் எழுதுவார், பஸ்ஸைப் பிடிக்கலாம். அவர் எழுதுவது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அது என் வாயிலிருந்து வந்த உண்மை. நாளைக்கு யாராவது "ஆர் பார்த்தது?" என்று கேட்டால், மெற்றில்டாவுக்குச் சொன்ன பதிலையே மறுபடியும் சொல்ல வேண்டிவரும்.

"நான் சொல்லக்கூடாது, டொக்டர். கேக்கலாம். ஸ்கானிலை நீங்கள் என்ன கண்டனீங்கள்?"

"உமக்குத் தெரியும்தானே!"

"எனக்குத் தெரியும். பேப்பருக்குத் தெரியாது."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பையைக் கீழே வைத்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து ஸ்கான் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு எழுதத் தொடங்கினார். பதினாறு வரிகள் எழுதினார். வலது மூட்டில் எலும்போடு எலும்பு எந்த இடத்தில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது, பயிற்சியால் ஏன் அது பிரியாது, சாப்பாடு எப்படிப் போகிறது, நித்திரையில் வாந்தி வந்தால் என்ன ஆபத்து, எல்லாம் எழுதினார். சந்தையில் இப்போது எப்படிக் கூறி விற்கிறார் என்றுகூட அருளப்பு அண்ணையிடம் கேட்டு எழுதினார். அவ்வளவு நீளமாக அவர் எழுதி நான் முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

திரும்பும் பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. பதினாறு வரியும் மடியில் இருந்தன. ஒன்பது என்ற எண், புதுக் கோட், கையெழுத்து, எல்லாம் சரி. ஆனால் இருபது எப்படி ஒன்பது ஆனது என்பதற்கு மட்டும் பேப்பரில் பதில் இல்லை. அந்தப் பதில் என் கைப்பையில், கொப்பியில், மறுப்பு வருவதற்கு ஏழு நாள் முன்னர் என் கையால் எழுதியபடி இருந்தது: "அருளப்பு பைல். டொக்டர் 1 விரல் என்று எழுதியுள்ளார். பெட்டி வெறுமை. என் விரல் 16. அவருடையது தடிப்பு. 20 போட்டேன்."

கமலினி அழைத்தாள். விசயத்தைச் சொன்னேன்.

"அக்கா, உங்களுக்கு விசரே? அந்தப் பக்கத்தை அனுப்பினால் இனி நீங்கள் போடுற ஒவ்வொரு நம்பரையும் சந்தேகத்தோடைதான் பார்ப்பினம்."

"பார்க்கட்டும். பார்க்கத்தானே வேணும்."

அப்படித் தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, அத்தனை வருடமாகச் சேர்த்த பேரை நினைத்து, வழியில் வல்லை வெட்டவெளியில் உப்பங்காற்று முகத்தில் அடித்தபோதும் எனக்கு வியர்த்தது. அலுவலகத்துக்கு வந்து கொப்பிப் பக்கத்தைப் பிரதி எடுத்து, பதினாறு வரிகளோடு சேர்த்து அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒருவரும் கவுண்டரில் வேலை செய்யவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மெற்றில்டா அரை நாள் லீவு எடுத்துவந்து எதிர் வாங்கில் இருந்தாள். பதினொன்று நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது. மின்விசிறிச் சத்தம்.

"மிஸ், நான் இங்க நிறையப் பேப்பர் பார்த்திருக்கேன். தான் விட்ட பிழைய யாரும் எனக்குப் பிரதி எடுத்து அனுப்பினது இல்லை."

"ஓம்" என்றேன்.

"எங்கட டொக்டர் அந்தக் கொப்பிப் பக்கத்த முதல்ல வாசிச்சார். பிறகுதான் மத்தது. உங்கட விரல் பதினாறா என்று கேட்டுச் சிரிச்சார். கடிதம் இப்ப வரும். நாளைக்கு ஒப்பரேசன் செய்யச் சொல்லுங்க."

நான் எதிர் வாங்கைப் பார்த்துத் தலையை அசைத்தேன். மெற்றில்டா என் கழுத்தைக் கட்டிக்கொண்டதில் தொலைபேசி கீழே விழுந்தது. கமலினி அழுதாள். அழவில்லை, தடிமன் பிடித்து மூக்கு ஒழுகியது என்று இன்றுவரை சொல்கிறாள்.

சனிக்கிழமை சத்திரசிகிச்சை நடந்தது. மூன்றாம் நாள் காலை மெற்றில்டா வாட்டிலிருந்து எங்கள் பகுதிக்கு ஓடி வந்தாள். "அக்கா, அப்பா கொட்டாவி விட்டவர்! ரெண்டு வருசத்துக்குப் பிறகு! விட்டுட்டுத் தானே பயந்துபோனார்!"

ஆறு கிழமை கழித்து மீளாய்வுக்கு வந்த அருளப்பு அண்ணையின் கையில் பனையோலைப் பை. அதற்குள் ஓர் அறக்குளா மீன். உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள், நோயாளர்களிடம் பரிசு வாங்கக்கூடாது என்பது எங்கள் விதி. அதைச் சொன்னேன்.

"பரிசு இல்லையெண்டால் விடுங்கோ. கூறி விக்கிறதுக்கு விதி இருக்கோ?"

நான் பதில் சொல்வதற்குள் காத்திருப்போர் கூடத்தின் நடுவில் நின்று வாயைத் திறந்தார்.

"அறக்குளா! இண்டைக்கு விடியப் பட்ட அறக்குளா! ஆயிரம் ஒருதரம்!"

அந்தச் சத்தத்தை எழுத்தில் எப்படி வைப்பதென்று தெரியவில்லை. மருந்துக் கவுண்டரில் இருந்த பிள்ளை குளிசைப் பெட்டியைக் கைதவற விட்டாள். மேல்மாடியிலிருந்து ஒரு தாதி எட்டிப் பார்த்தார். ஊசிக்கு வந்த ஒருவர் ஆயிரத்து இருநூறு என்றார். எக்ஸ்றேக்குக் காத்திருந்த அம்மா ஒருவர் ஆயிரத்து முந்நூறு என்றார். அந்த நேரம் பார்த்து என் தொலைபேசி அடித்தது. பத்தொன்பதாம் மேசை, வேறொரு முழங்கால் பைல் விசயமாக.

"மிஸ், அங்க என்ன சத்தம்?"

"அது..." என்றேன். "அதுதான் ஒன்பது மில்லிமீற்றர்."

மின்விசிறி இரண்டுமுறை கிறீச்சிட்டது.

"இப்ப எவ்வளவுக்கு நிக்குது?"

"ஆயிரத்து முந்நூறு."

"நான் ஆயிரத்து ஐந்நூறு என்று சொல்லுங்க."

சொன்னேன். அருளப்பு அண்ணை மணியில்லாத கையை உயரத் தூக்கினார். "ஆயிரத்தஞ்ஞூறு ஒருதரம்! ரெண்டுதரம்! மூண்டுதரம்! கொழும்புக்கு!" கூடம் கைதட்டியது. தொலைபேசிக்குள்ளும் யாரோ கைதட்டியது கேட்டது.

மீளாய்வுப் படிவத்திலும் அதே பெட்டி இருந்தது. வாய்த் திறப்பு, மில்லிமீற்றரில். அருளப்பு அண்ணை என் மேசைக்கு முன்னால் இருந்து ஒரு விரலைப் பற்களுக்கு இடையில் வைத்தார். இரண்டாவது விரலின் நுனியையும் அதன்மேல் அடுக்கித் திணித்தார். அவருடைய விரலுக்கு அது பெரிய காரியம்.

"எழுதுங்கோ பிள்ளை!" என்றார், விரல்களைச் சுற்றி.

பேனையை மூடி வைத்தேன். "டொக்டர் வரட்டும், அண்ணை."

டொக்டர் வருவதற்கு இருபது நிமிடம் ஆனது. அதுவரை அருளப்பு அண்ணை விரலை எடுக்கவே இல்லை. எடுத்தால் அளவு குறைந்துவிடும் என்று பயந்தாரோ தெரியாது. டொக்டர் வந்து அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, தன் உலோக அளவுகோலை வைத்து, முப்பத்து நான்கு என்றார். பிறகு படிவத்தை என்னிடமிருந்து வாங்கி, பெட்டிக்குள் தானே எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் வைத்தார்.

அன்றைய கொப்பியில் அரைப் பக்கம் தேவைப்படவில்லை. இப்போது எடுத்துப் பார்க்கிறேன். மூன்று வரிகள்தான் இருக்கின்றன.

"அருளப்பு பைல். திறப்பு 34. அளந்தது டொக்டர்.

கூறும் இடம் அவருக்கே என்று சங்கம் நேற்றுச் சொல்லிவிட்டது.

பத்தொன்பதாம் மேசையின் அறக்குளாவை, அவர் சொன்னபடி, அவருக்காக நானும் கமலினியும் மெற்றில்டாவும் மத்தியானமே கன்ரீனில் பொரிப்பித்துச் சாப்பிட்டோம்."